காலணா செலவில்லாத ஆயுதம்

1801-ம் வருஷம் ஜூன் 16-ம் தேதியிட்ட ஒரு காகிதம், ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதில் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. காவிரிக்குத் தெற்கே திருச்சிக் கோட்டையில், நவாபின் அரண்மனை வாசலிலும் அதே வாசகம்.

இன்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் காவிரிப் பாலத்திலிருந்தே ராஜகோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். 236 அடி உயரம். ஆனால், அந்தக் காகிதம் ஒட்டப்பட்ட காலத்தில் அது மொட்டை கோபுரம். அடித்தளத்தோடு நின்றுபோய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது. முழு கோபுரமாக எழுந்து நின்றது 1987-ல்தான்.

காகிதம் ஒட்டிய ஆள் யார்? தெரியாது. ஒட்டச் சொன்னவர் பெயர் மட்டும் அடியில் தெளிவாக இருந்தது. சிவகங்கைச் சீமையின் மருதுபாண்டியன். அண்ணன் பெரிய மருது, தம்பி சின்ன மருது என்று இரண்டு பேரில், இந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்தவர் தம்பி.

'ஜம்புத் தீவில்' வாழும் எல்லா ஜாதியாருக்கும், முஸ்லிம்களுக்கும் என்று ஆரம்பிக்கிறது அறிக்கை. நவாப் முகமது அலி புத்தி கெட்டுப்போய் வெள்ளைக்காரனுக்கு இடம் கொடுத்தார், அவர்கள் நன்றி கெட்டு நாட்டையே எடுத்துக்கொண்டார்கள், நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் இந்த கதி, ஜனங்கள் சோற்றுக்குப் பதில் நீராகாரத்தில் காலம் தள்ளுகிறார்கள் என்று நீள்கிறது குற்றப் பட்டியல். கம்பெனிப் பட்டாளத்தில் சம்பளம் வாங்கும் சுபேதார், ஜமேதார், சிப்பாய்களையும் விடவில்லை. அவர்களையும் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். ஒப்புக்கொள்ளாதவர்களின் மீசையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. குடும்பப் பத்திரிகையில் அதை எழுத முடியாது, மன்னிக்கவும்!

கடைசியில் ஓர் எச்சரிக்கை. இதைச் சுவரிலிருந்து கிழிப்பவனுக்குப் பஞ்சமா பாதகம் செய்த பாவம் வந்து சேரும். பார்க்கிற ஒவ்வொருவரும் படித்துப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. திருச்சி, கம்பெனிக்கும் நவாபுக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்றே சொல்லலாம். 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலியைத் திருச்சிக் கோட்டைக்குள் முடக்கிப் போட்டபோது, காப்பாற்ற வந்தது ஆங்கிலேயர் பட்டாளம். 1752-ல் நிலைமை தலைகீழானது. ஸ்ரீரங்கம் கோயில் மதிலுக்குள் பிரெஞ்சுப் படையே அடைந்து கிடந்து, கடைசியில் தளபதி ழாக் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தலை போயிற்று. நவாபுக்கு வெற்றி, கம்பெனிக்குக் கடன் பத்திரம். அந்தக் கடன் வட்டி போட்டு வளர்ந்து, இந்த அறிக்கை ஒட்டப்பட்ட ஏழாவது வாரம், 1801 ஜூலை 31-ல் கர்நாடக தேசத்தையே கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. மருது சுவரில் எழுதியது ஜோசியம் மாதிரி பலித்தது.

அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. எல்லோரும் ஆயுதம் எடுங்கள் என்று எழுதிவிட்டார். சரி, எந்த ஆயுதத்தை எடுப்பது?

கம்பெனிச் சிப்பாய் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' துப்பாக்கி. இரும்புக் குழல், பொறி தட்டும் சக்கிமுக்கிக் கல், வெடிமருந்து, ஈயக் குண்டு. எல்லாம் பணம். சிவகங்கைக் காட்டிலும் நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன, பீரங்கிகள்கூட இருந்தன. ஆனால், ஊர் ஊராகக் கிளம்பி வருகிற சம்சாரிக்கு யார் துப்பாக்கி கொடுப்பது? அவன் வீட்டில் என்ன இருந்ததோ அதோடுதான் வந்தான்.

பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததைப் பாருங்கள். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டுவிட்டுக் கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1801 பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரே வாரத்தில் கம்பெனிப் படை துரத்திக்கொண்டு வந்து பார்த்தால், இடித்த இடத்தில் மறுபடி கோட்டை நிற்கிறது! கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வெறும் மண். மார்ச் 31-ம் தேதி சுவரை உடைத்துக்கொண்டு ஏறிய கம்பெனிப் படை, உள்ளே இருந்து வந்த நீள ஈட்டிகளால் குத்துப்பட்டுத் திரும்பியது. ஒவ்வொரு ஈட்டியும் கிட்டத்தட்ட 18 அடி. கம்பு காட்டில் கிடைக்கும், நுனி இரும்பை ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு நாட்டின் பட்டாளத்தைக் கம்பாலும் மண்ணாலும் மே 24 வரை தடுத்து நிறுத்தினார்கள்.

இந்த வீட்டுத் தயாரிப்பு ஆயுதங்களிலேயே ரொம்ப மலிவானது வளரி.

பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறை வடிவக் கட்டை. ஒரு முனை கனமாக, குண்டாக இருக்கும். மறு முனை மெலிந்து கைப்பிடிக்கு வாகாக இருக்கும். வெளி விளிம்பைக் கூராகச் சீவியிருப்பார்கள். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசினால், சுழன்றுகொண்டே போய் அடிக்கும். இரும்பில் செய்தது உண்டு. ராஜாக்களுக்கு யானைத் தந்தத்தில்கூடச் செய்தார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை மியூசியத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. ஆனால், சாதாரண ஆளின் வளரி மரம்தான்.

ஆஸ்திரேலிய பூமராங் ஞாபகம் வந்திருக்குமே? சினிமாவில் காட்டுகிற மாதிரி வளரி திரும்பி வராது. வரவும் கூடாது. இலக்கில் பட்டு விழ வேண்டிய சாமான் கைக்குத் திரும்பி வந்தால், குறி தப்பியது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கு எடுத்துப்போகிற கனமான கட்டைகள் திரும்பி வருகிற ரகம் இல்லை.

செய்வது எப்படி? நேரான பலகையில் பிறை வடிவத்தை அறுத்து எடுத்தால் பிரயோஜனம் இல்லை. வளைகிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்படும். நாலு வீச்சில் 'படக்'கென்று இரண்டு துண்டு. இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளையோ வேரோ வேண்டும். ரேகையும் சேர்ந்து வளைந்திருக்கும். வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்துக் காயவைத்து, வாய்ச்சியாலோ அரிவாளாலோ செதுக்கினால் ஆச்சு. ஏருக்குக் கட்டை தேடுகிறவன் கண்ணில் படுகிற அதே மரம்தான். அடுப்புக்குப் போக வேண்டியது ஆயுதமாகிவிட்டது!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் மனசு ஒரு காஸ்ட் ஷீட் போட்டுவிடும். வளரிக்கும் போட்டுப் பார்த்தேன். மூலப்பொருள்: சைபர். கூலி: சொந்த உழைப்பு அரை நாள். போக்குவரத்து: காட்டிலிருந்து வீடு. மொத்தம்: காலணாகூட இல்லை. பிரமாதமான லாபம் என்று மூடி வைக்க முடியவில்லை. ஒரு பெரிய அயிட்டம் விட்டுப்போயிருந்தது. அதை வீசத் தெரிந்த கை! சின்ன வயசில் ஓணான், முயல், காட்டுக்கோழி என்று ஆரம்பித்து, வருஷக்கணக்கில் வீசி வீசித்தான் அந்தக் கை உருவாகும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்குப் பத்தி கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆயுதம் உலகத்தில் உண்டு. வில்பொறி. ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒன்றின் தலையில் வில்லைக் குறுக்கே பொருத்தியிருப்பார்கள். நாணை இழுத்து ஒரு பள்ளத்தில் மாட்டிவிட்டால் போதும். கை நடுங்காது, தோள் வலிக்காது. குறி பார்த்துக் கீழே இருக்கிற விசையை அழுத்தினால் அம்பு போய்விடும். நம் ஊருக்கும் இப்படிப்பட்ட யோசனை புதிதில்லை. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும்போது, தானே வளைந்து எய்யும் வில்லையும் சேர்த்துச் சொல்கிறது. சீனாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வெண்கல விசை வைத்துப் படை படையாகச் செய்து தள்ளினார்கள்.

வில்பொறியின் விசேஷமே, கை பழக வேண்டியதில்லை என்பதுதான். நல்ல வில்லாளி ஆவதற்குப் பல வருஷம். வில்பொறிக்குச் சில நாள் போதும். நேற்று வரை மாடு மேய்த்தவன் இன்றைக்குக் கவசம் போட்ட பிரபுவைக் குதிரையிலிருந்து சாய்க்கலாம். ஐரோப்பியப் பிரபுக்களுக்கு இது எவ்வளவு கிலி கொடுத்திருக்கும் பாருங்கள்! 1139-ல் ரோமில் கூடிய இரண்டாம் லாட்டரன் சபை, கிறிஸ்தவர்கள் மீது இதைப் பிரயோகிக்கக் கூடாது என்றே தடை போட்டது. ஒருத்தரும் கேட்கவில்லை. 1199-ல் இங்கிலாந்தின் 'சிங்க இதயம்' ரிச்சர்டு ராஜா, பிரான்சில் ஒரு சின்னக் கோட்டை வாசலில் வில்பொறி அம்பு பட்டு, புண் புரையோடிச் செத்தார்.

தடை போட்டும் வில்பொறி ஏன் சாகவில்லை? அதன் வித்தை முழுக்கப் பொறிக்குள்ளேயே இருந்தது. ஒன்றைப் பறித்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். எடுத்தவன் எல்லாம் எய்யலாம். துப்பாக்கி வந்து ஓரங்கட்டும் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் மூலை முடுக்கில் பிழைத்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்கள், பூமராங்குகள், வில்பொறிகள் பற்றி 1924-ல் நீளமான கட்டுரை ஒன்று எழுதினார். மலபார் பக்கம் மீன் எய்வதற்கு வில்பொறி வைத்திருந்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். ராஜாவைக் கொன்ற ஆயுதம், கடைசியில் குழம்புக்கு மீன் பிடித்துக் கொடுத்தது!

வளரியின் வித்தையோ ஆளின் தோளிலும் மணிக்கட்டிலும் இருந்தது. அதனால்தான் அதன் கதை வேறு மாதிரி முடிந்தது.

அந்தக் கையைப் பற்றி நமக்குக் கிடைக்கிற முக்கியமான சாட்சி யார் தெரியுமா? ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. ஜேம்ஸ் வெல்ஷ் என்று பெயர். 1790-களில் மதுரையில் இருந்தபோது மருது சகோதரர்களோடு பழகியவர். பெரிய மருது ஆற்காட்டு வெள்ளி ரூபாயைக் கை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டதை எழுதிவைத்திருக்கிறார். சின்ன மருது இந்த இளைஞனுக்கு நல்ல அரிசியும், தடித்த தோலும் தித்திப்பான சுளையும் கொண்ட பெரிய ஆரஞ்சுப் பழங்களும் கொடுத்தனுப்புவாராம். அதோடு, ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் தனக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்கிறார் வெல்ஷ். தேர்ந்த கை வீசினால் 100 கஜத்துக்குள் எந்தத் தூரத்திலும் குறி தப்பாது என்றும் எழுதுகிறார்.

100 கஜம் என்றால் 90 மீட்டருக்கு மேல். பிரவுன் பெஸ் துப்பாக்கியே அந்தத் தூரத்தைத் தாண்டினால் குறியை நம்ப முடியாத சாமான்தான். கட்டையும் துப்பாக்கியும் ஏறக்குறைய ஒரே எல்லையில்! வித்தியாசம் எங்கே என்றால், துப்பாக்கி பிடிக்கச் சில மாதங்களில் ஆயிரம் பேரைத் தயார் செய்து வரிசையில் நிறுத்தலாம். வளரிக்கு ஒவ்வொரு ஆளையும் பால்யத்திலிருந்து வளர்க்க வேண்டும். செத்துப்போன வளரிக்காரனின் இடத்துக்கு மறுநாள் இன்னொருவன் வர மாட்டான். என்னைக் கேட்டால், 1801 யுத்தத்தில் கம்பெனியின் பெரிய பலம் இந்த ஏற்பாடுதான்.

குரு தட்சணை என்ன ஆயிற்று? சில வருஷத்தில் வெல்ஷ், கர்னல் அக்னியூவின் படையோடு வந்து, அதே மருதுவைக் காட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

மிச்சம் எல்லாம் வேகமாக நடந்தது. அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். நவம்பர் 16-ல் ஊமைத்துரை. டிசம்பர் 1-ம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். வங்காளத்தில் ஜெயித்த கிளைவின் மகன். கோட்டைகளை இடிக்க வேண்டும், பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் கடும் தண்டனை.

ஸ்ரீரங்கம் மதிலில் ஒட்டிய காகிதத்துக்குக் கம்பெனி ஆறு மாதம் கழித்துக் கொடுத்த பதில் என்று இதைச் சொல்லலாம். எல்லோரும் ஆயுதம் எடுங்கள் என்றது அது. யாரும் எடுக்கக் கூடாது என்றது இது.

துப்பாக்கியைக் கணக்கெடுக்கலாம், ஈட்டியைக் குவிக்கலாம். வளைந்த கிளையை எப்படிப் பறிமுதல் செய்வது? மரம் வருஷா வருஷம் புதுசாக உற்பத்தி செய்துகொண்டே இருக்குமே! உண்மையில் அவர்கள் அந்தக் கவலையே பட வேண்டியிருக்கவில்லை. பாளையங்கள் போயின. பாளையக்காரர் கூப்பிட்டால் ஆயுதத்தோடு வந்து நிற்க வேண்டும் என்கிற கடமை போயிற்று. அந்தக் கடமைக்காகப் பயிர் செய்த மானிய நிலமும் பறிபோக ஆரம்பித்தது. ஊர்ப் பொட்டலில் பத்துப் பையன்கள் சேர்ந்து ஆயுதம் வீசிப் பழகினால், சந்தேகத்தோடு பார்க்க ஒரு போலீஸ்காரன் வந்துவிட்டான். 1878-ல் ஆயுதச் சட்டம். பிறகு, குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 முதல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பல ஊர்களில் ஆண்பிள்ளைகளை ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைக்கச் சொன்னது. கட்டையை யாரும் தொடவில்லை. கைதான் காணாமல்போனது.

எத்தனை நாளில் காணாமல்போனது என்பதற்கு, திருச்சிக்குப் பக்கத்திலிருந்தே சாட்சி இருக்கிறது. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகள் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வளரி பற்றிப் புதுக்கோட்டை சமஸ்தானத் திவானிடமிருந்து வந்த குறிப்பு ஒன்றை அதில் சேர்த்திருக்கிறார். ஒரே வீச்சில் ஆளையே சாய்க்கிற நிபுணர்கள் முன்பு இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது சமஸ்தானத்தில் அப்படி ஒருவரும் இல்லை, முயலும் காட்டுக்கோழியும் அடிக்க எப்போதாவது எடுக்கிறார்கள், மற்றபடி பழைய குடும்பங்களில் ஞாபகச் சின்னமாகவும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கவும் கிடக்கிறது என்கிற ரீதியில் போகிறது அந்தக் குறிப்பு. புதுக்கோட்டை கம்பெனியின் நட்பு சமஸ்தானம் என்பதைக் கவனிக்க வேண்டும். யுத்தம் தோற்காத சீமையிலேயே நூறு வருஷத்துக்குள் இந்த நிலைமை!

தர்ஸ்டனின் புத்தகத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. மதுரைப் பக்கம் கள்ளர் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரி மாற்றிக்கொள்கிற வழக்கம் இருந்தது. 'வளரித் தடியை அனுப்பு, பெண்ணைக் கூட்டி வா' என்று வழக்கு மொழியே இருந்திருக்கிறது. வீச ஆளில்லாமல்போனாலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வளரி வந்துகொண்டிருந்தது.

ஹார்னெல் 1924-ல் தம் கட்டுரையை எழுதும்போது வளரி ஏறக்குறைய ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது. இன்று புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு மியூசியத்துக்குப் போனால் வளரியைப் பார்க்கலாம். சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் சிலர் சமீப வருஷங்களில் வளரியையும் கையில் எடுத்திருக்கிறார்கள். கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால், நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் சொன்னாரே, அதை நிரூபிக்கிற மாதிரி ஒரு வீச்சை நான் இன்னும் பார்க்கவில்லை. அறுந்த கயிற்றின் மறுமுனையைத் தேடுகிற வேலை அது. பொறுமையாகத்தான் செய்ய வேண்டும்.

திருச்சிக்காரர்கள் ஆயுதத்தை விட்டுவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1966 முதல் அங்கே மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராகும் ஒரு ரகத்துக்குப் பெயரே 'திருச்சி அசால்ட் ரைபிள்'. மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்ட ஊரிலிருந்து இன்று ஆயுதம் லாரியில் போகிறது, முறையான ரசீதோடு.

அந்த அறிக்கை இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமும் கம்பெனிதான். அதிகாரிகள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தங்கள் ரகசியக் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பஞ்சமா பாதகத்துக்குப் பயந்தோ என்னவோ, பிரதி எடுக்கச் சொன்ன உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றியவர்கள் அவர்கள்தான்!

வெல்ஷ் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. மருதுவின் வம்சத்தில் ஆண்பிள்ளைகளை ஏறக்குறைய ஒருத்தர் விடாமல் கொன்ற கம்பெனி, சின்ன மருதுவின் மகன் துரைசாமியை மட்டும் உயிரோடு விட்டது. அப்போது அவனுக்குப் பதினைந்து வயசு இருக்கும். 1802 பிப்ரவரியில், எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

1818-ல் வெல்ஷ் பினாங்கு போனார். அவர் தங்கியிருந்த இடத்துக்குத் தள்ளாடிக்கொண்டு ஒரு கிழவர் வந்து நின்றார். யார் என்று வெல்ஷுக்குப் பிடிபடவில்லை. வந்தவர் கண்ணில் நீர் வழிய, கடைசியில் தன் பெயரை மட்டும் சொன்னார். துரைசாமி. அப்போது அவருக்கு முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். நெஞ்சில் கத்தி இறங்கிய மாதிரி இருந்தது என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார் வெல்ஷ். ஆனால், அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்தச் சந்திப்பும், அப்பா தனக்கு வளரி வீசச் சொல்லிக்கொடுத்த சேதியும், 1830-ல் லண்டனில் அச்சான அவருடைய ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.